வெடித்த குழாயிலிருந்து ரியாக்டர் வரை: பி.வி.சி. தயாரிப்பைச் செம்மையாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலை, எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள கேரட் தோட்டத்தில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று நீளவாக்கில் வெடித்துக் கிடந்தது. போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தோட்டக்காரர் இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார். “பிளாஸ்டிக் ஆலையில் முப்பது வருடம் இருந்தவர் நீங்கள்தானே, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள் சார்” என்றார். ஓய்வு பெற்றுக் கோத்தகிரிக்கு வந்தாலும் பி.வி.சி. என்னை விடுவதாக இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள் துண்டை வாங்கிப் பார்த்தாள். கடற்கரையோர ஆலை ஒன்றில் அவள் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. குழாயின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, டைகுளோரோ மீத்தேனில் 15 டிகிரியில் அரை மணி நேரம் ஊற வைத்தோம். (ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறையோடு செய்யவேண்டிய சோதனை இது. கோத்தகிரி ஜனவரியில் 15 டிகிரிக்கு ஐஸ் தேவைப்படாது.) சீவிய முகம் சுண்ணாம்புபோல வெளுத்துப் பொரிந்தது. ரெசின், அதாவது குழாய்க்கு மூலப்பொருளான பி.வி.சி. தூள், சரியாக உருகி இணையவில்லை என்று அதற்குப் பொருள். குழாய் வார்த்தவரின் சூடு போதவில்லை; சுண்ணாம்புத் தூளும் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கலாம். ஆனால் விரிசல் தொடங்கிய இடத்தில் லென்ஸை வைத்தபோது, கடுகில் கால்வாசி அளவுக்குக் கண்ணாடிபோல் ஒரு புள்ளி தெரிந்தது. உருகாத மணி.

“இது எங்கள் பக்கத்துக் குற்றம்தானே, மாமா?” என்றாள்.

ஆமாம். அந்தப் புள்ளி ரியாக்டரில், அதாவது ரெசினை உருவாக்கும் மூடிய அழுத்தக் கலனில் பிறந்தது. அன்று தொடங்கி மூன்று நாள் அவளிடம் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். சஸ்பென்ஷன் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குழாய், கேபிள், ஜன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் ரெசின் அந்த வழியில்தான் வருகிறது. ரெக்சினுக்கும் கையுறைக்கும் போகும் பேஸ்ட் ரெசின் தனிக் கதை.

அடிப்படை ஒரு பத்தியில்

வினைல் குளோரைடு மோனோமர், ஆலைப் பேச்சில் வி.சி.எம்., மைனஸ் 13 டிகிரி அளவில் கொதித்துவிடும் வாயு. அதை அழுத்தத்தில் திரவமாக்கி, தண்ணீருக்குள் சிறு துளிகளாகக் கலக்கி, 50 முதல் 70 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், ஒவ்வொரு துளியும் வெள்ளை மணியாக மாறும். மணியின் அளவு 100 முதல் 180 மைக்ரான். தண்ணீர் வினையில் சேர்வதில்லை. வெப்பத்தைச் சுமந்து வெளியே தள்ளுகிற வேலை மட்டும் அதற்கு. துளிகள் ஒட்டிக்கொள்ளாமல் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற காப்புப் பொருள் பார்த்துக்கொள்ளும். துளிக்குள் கரைந்திருக்கும் பெராக்சைடு (வினையைத் தொடங்கிவைக்கும் இதுதான் இனிஷியேட்டர்) உடைந்து தனி உறுப்புகளைத் தர, மோனோமர்கள் ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலி வளரும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பு வேகாது. மூடிய பாத்திரத்தில் வெப்பமும் அழுத்தமும் ஒன்றையொன்று கட்டிப்போடும் என்பதை மலைக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ரியாக்டரும் அப்படித்தான்: 57 டிகிரியில் திரவ வி.சி.எம். இருக்கும்வரை அழுத்தம் சுமார் 9 பாரில் அசையாமல் நிற்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

முதற்படி: வினைக்கு முன்னால் செய்யவேண்டியவை

புதிதாக வருபவர்கள் எல்லோரும் இனிஷியேட்டரை மாற்றலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் ரியாக்டரின் சுவரைப் பார்க்கச் சொல்வேன்.

சுவரில் பாலிமர் தோல்போல ஒட்டினால் இரண்டு கெடுதல்கள். குளிர்நீர்ச் சட்டைக்கும் உள்ளே இருக்கும் கலவைக்கும் நடுவே கம்பளி போர்த்தியதுபோல் ஆகி வெப்பம் வெளியேறாது. அடுத்த பேட்ச்சில் அந்தத் தோல் உரிந்து விழுந்து, பலமுறை வெந்த கெட்டி மணியாக மூட்டைக்குள் போகும். தோட்டத்துக் குழாயில் நாங்கள் பார்த்த புள்ளி இந்த வகையாகவும் இருக்கலாம்.

ஒரு காலத்தில் இந்தத் தோலை ஆள் இறங்கி உளியால் சுரண்டினார்கள். அப்படிச் சுரண்டியவர்களில் சிலருக்கு விரல் நுனி எலும்பே கரைந்துபோனது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிய கல்லீரல் புற்றுநோய் வந்திருப்பது வெளியே தெரிந்தது. காரணம் வி.சி.எம். அதுவரை ஆலைக் காற்றில் அது பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த அமெரிக்க வரம்பு, 1 பங்காக இறங்கியது. தொழில்நுட்பம் ஓடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சுவரில் ஒட்டாத பூச்சு வந்தது; மூடியைத் திறக்காமலே உயரழுத்த நீரால் கழுவும் ஏற்பாடு வந்தது; பேட்ச்சுக்குப் பேட்ச் காற்று உள்ளே புகாத மூடிய இயக்கம் வந்தது. பி.வி.சி. தயாரிப்பில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றங்கள் லாபக் கணக்கில் வந்தவை அல்ல, அந்தத் தொழிலாளர்களின் கணக்கில் வந்தவை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே செய்யவேண்டியது: ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்னால் பூச்சு முழுச் சுவரிலும், குறிப்பாகக் கலக்கித் தண்டின் பின்புறத்திலும் தடுப்புத் தகடுகளின் நிழலிலும், படிகிறதா என்று பாருங்கள். தெளிப்பான் எட்டாத மூலையில்தான் தோல் தொடங்கும்.

அடுத்தது ஆக்சிஜன். ரியாக்டரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்பை ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்தி நேரம் மிச்சம் பிடிக்கும் ஷிப்ட் எல்லா ஆலையிலும் உண்டு. எஞ்சிய ஆக்சிஜன் வி.சி.எம்.மோடு சேர்ந்து பாலிபெராக்சைடு ஆகும். அது உடைந்து அமிலம் தரும், பி.எச். விழும், வினை தொடங்கத் தாமதமாகும், ரெசின் சூட்டில் சீக்கிரம் மஞ்சளாகும். மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்துக்கு இத்தனை வட்டி.

தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்கவேண்டும். மலை ஊற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதற்கு உதவாது.

ஒரு கிளைக் கதை: மோனோமர் வரும் வழி

பழனி மலையில் இருப்பவர்களுக்குப் பாதரசம் என்றால் என்ன என்று தெரியும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் சோலை மண்ணில் கலந்ததைப் பற்றி இன்றும் அங்கே பேசுகிறார்கள். பி.வி.சி.க்கும் பாதரசத்துக்கும் நேரடி உறவு உண்டு. கால்சியம் கார்பைடிலிருந்து அசிட்டிலீன் எடுத்து, அதனோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்து வி.சி.எம். செய்யும் வழியில் வினையூக்கி மெர்குரிக் குளோரைடு. நிலக்கரி மலிவாகக் கிடைக்கும் சீனாவில் இந்த வழி பெருமளவு நடக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. பாதரசத்துக்கு மாற்றாகத் தங்கம் கலந்த வினையூக்கி தொழிற்சாலை அளவுக்கு வந்துவிட்டது. எத்திலீன் வழியில் பாதரசம் இல்லை: குளோரினேற்றம் செய்து, 500 டிகிரி சுற்றளவில் உடைத்தால் வி.சி.எம். கிடைக்கும்.

ஆலைப் பொறியாளருக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்று: வி.சி.எம். எந்த வழியில் வந்தது என்பது அதிலுள்ள மாசைத் தீர்மானிக்கும். அதில் பியூட்டாடையீன் மிகச் சிறிதளவு இருந்தாலே வினை மந்தமாகும். வினையில் எஞ்சியதைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் மீட்பு வி.சி.எம்.மில் இத்தகைய மாசுகள் சேர்ந்துகொண்டே போகும். ‘நேற்று நன்றாக ஓடிய அதே செய்முறை இன்று ஏன் இழுக்கிறது’ என்ற கேள்விக்கு, பல நாள் தேடிய விடை மீட்புத் தொட்டியில் இருந்த அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாம் படி: மணியின் உருவம்

மணியின் விதி முதல் ஒரு மணி நேரத்தில் எழுதப்படுகிறது. பி.வி.சி. தன் மோனோமரில் கரையாது. வினை தொடங்கியதுமே துளிக்குள் நுண்துகள்கள் பிரிந்து, ஒரு மைக்ரான் அளவுக்கு வளர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அவற்றுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் மணி பஞ்சுபோல் இருக்கும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெயும் சூட்டைத் தாங்கவைக்கும் ஸ்டெபிலைசரும் உள்ளே நுழையும், மிச்ச வி.சி.எம். வெளியே வரும். வெற்றிடம் இல்லாவிட்டால் கண்ணாடி மணி.

இரண்டு கைப்பிடிகள் உங்களிடம் உண்டு. ஒன்று கலக்கியின் வேகம். மற்றொன்று பாலிவினைல் ஆல்கஹாலின் வகை. 70 முதல் 80 சதவீதம் நீராற்பகுத்த வகை துளியின் மேற்புறத்தைக் காத்து அளவைத் தீர்மானிக்கும். 55 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள வகை எண்ணெயில் அதிகம் கரையும். அது துளிக்குள் இறங்கி நுண்துகள்கள் ஒன்றாக அப்பிக்கொள்வதைத் தடுத்து, மணியைப் பஞ்சாக்கும். கேபிளுக்கான ரெசினுக்கு இந்த இரண்டாம் வகையைக் கூட்டுங்கள். குழாய்க்கு அளவோடு நிறுத்துங்கள். பஞ்சுத்தன்மை ஏறினால் எடை அடர்த்தி இறங்கி, குழாய் வார்ப்பவரின் இயந்திரத்தில் உற்பத்தி குறையும். இரண்டையும் ஒரே ரெசினில் தருவோம் என்று விற்பனைப் பிரிவு வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

இனி அந்தக் கண்ணாடிப் புள்ளி. இனிஷியேட்டர் எல்லாத் துளிக்கும் சமமாகப் போய்ச் சேருவதற்கு முன்னால் சூடேற்றத் தொடங்கினால், அதிகம் கிடைத்த துளிகள் முந்திக்கொண்டு வெந்து கெட்டியாகும். இவைதான் மீன்கண். மருந்து எளிது: இனிஷியேட்டரைத் தண்ணீரில் பால்மமாகக் கலந்து ஊற்றுங்கள், அல்லது குளிர்ந்த நிலையிலேயே கால் மணி, இருபது நிமிடம் கலக்கிவிட்டுப் பிறகு சூடேற்றுங்கள். வெந்நீரை ஊற்றி நேரத்தை மிச்சப்படுத்தும் புதிய முறைக்கு மாறும்போது பலர் இந்த இருபது நிமிடத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அங்கே வெட்டினால் பால்மம் கட்டாயம்.

மூன்றாம் படி: வெப்பநிலை

என் தங்கை மகள் இதை நம்ப ஒரு நாள் எடுத்துக்கொண்டாள். கல்லூரியில் படித்தது, இனிஷியேட்டரைக் கூட்டினால் சங்கிலி குட்டையாகும் என்று. பல பாலிமர்களுக்கு அது சரி. பி.வி.சி.யில் வளரும் சங்கிலி பெரும்பாலும் மோனோமரிடமே கைமாற்றிவிட்டு நின்றுபோகிறது: ஒரு மோனோமர் தலைகீழாக வந்து சேரும், குளோரின் அணு ஒன்று இடம் மாறும், பிறகு வேறொரு மோனோமருக்குத் தாவும், அங்கே புதுச் சங்கிலி தொடங்கும். இந்தக் கைமாற்றம் எவ்வளவுக்கு ஒருமுறை நடக்கும் என்பதை வெப்பநிலை மட்டுமே முடிவு செய்கிறது. சங்கிலி நீளத்துக்கு ஆலையில் வழங்கும் அளவுகோல் கே மதிப்பு. ஏறத்தாழ 57 டிகிரியில் ஓட்டினால் குழாய்க்கு ஏற்ற கே 67. 70 டிகிரிக்கு அருகே கே 57, வார்ப்பு இணைப்புகளுக்கு. 53 சுற்றளவில் கே 70, கேபிளுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டிகிரி பிசகினால் கே மதிப்பு 0.75 அளவுக்கு நகரும். அதனால் ‘சராசரி 57’ என்ற பதிவேட்டு எண் எதையும் சொல்லாது. நடுவில் 59க்கு ஏறி, பிறகு 55க்கு இறங்கிய பேட்ச்சின் சராசரியும் 57தான். அதற்குள் குட்டைச் சங்கிலியும் நெட்டைச் சங்கிலியும் கலந்து கிடக்கும். வரைபடத்தைப் பாருங்கள், சராசரியைப் பார்க்காதீர்கள்.

நான்காம் படி: வெப்பத்தை வெளியேற்றுவது

மொத்த ஆலையும் இந்தப் படியில்தான் வாழ்கிறது.

ஒரு கிலோ வி.சி.எம். பாலிமராகும்போது சுமார் 1,540 கிலோஜூல் வெப்பம் வரும். 100 கன மீட்டர் ரியாக்டரில் 35 டன் வி.சி.எம்., 42 டன் தண்ணீர் என்று வையுங்கள். 85 சதவீதம் மாறினால் வெளிவரும் வெப்பத்தில், ஊட்டி விடியற்காலையில் 10 டிகிரியில் இருக்கும் 130 டன் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இவ்வளவையும் ஐந்து மணி நேரத்தில் சுவர் வழியாக வெளியேற்றவேண்டும். ரியாக்டரைப் பெரிதாக்கினால் கொள்ளளவு மும்மடிக் கணக்கில் ஏறும், சுவர்ப்பரப்பு இருமடிக் கணக்கில்தான் ஏறும். அதனால்தான் பெரிய ரியாக்டர்களின் தலையில், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சர் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே திறந்தால் நுரை பொங்கி மேலே போய்க் குழாய்களில் பாலிமர் ஒட்டும். மணி உருவான பிறகு மெதுவாகத் திறக்கவேண்டும்.

வெப்பம் சமமாக வந்தால் பரவாயில்லை. வருவதில்லை. வினை போகப்போக வேகமெடுத்து, கடைசிக் கட்டத்தில் உச்சம் தொடும். உங்கள் குளிரூட்டும் திறன் அந்த உச்சத்துக்குப் போதுமானதாக இருந்தாகவேண்டும், அதனால் மற்ற நான்கு மணி நேரமும் அந்தத் திறன் சும்மா கிடக்கும். உற்பத்தியைக் கூட்ட நினைப்பவருக்குப் புதையல் இருக்கும் இடம் இதுதான். அரையாயுள் (பாதி உடைந்துபோக ஆகும் நேரம்) குறைவாக உள்ள வேகமான இனிஷியேட்டரையும் மெதுவானதையும் கலந்து போட்டால் முன்பகுதி மேடேறும், உச்சம் தாழும். கியூமைல் பெராக்சிநியோடெக்கனோயேட் 38 டிகிரியிலேயே பத்து மணி நேரத்தில் பாதி உடைந்துவிடும். எத்தில்ஹெக்சைல் பெராக்சிடைகார்பனேட்டுக்கு அதே வேகம் வர 45 டிகிரி சுற்றளவு வேண்டும். இரண்டின் விகிதத்தைச் சிறுகச் சிறுக மாற்றி, ஒவ்வொரு முறையும் குளிர்நீர் வால்வு எவ்வளவு திறந்தது என்ற கோட்டை மட்டும் ஒப்பிடுங்கள். அந்தக் கோடு மலைச்சிகரமாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. மேசைபோல் ஆனால் பேட்ச் நேரம் தானாகக் குறைந்திருக்கும். இன்னும் துணிந்தவர்கள் மிக வேகமான இனிஷியேட்டரை வினை நடக்கும்போதே சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள். குளிரூட்டல் குறைந்தால் சொட்டை நிறுத்திவிடலாம் என்பதால் பாதுகாப்பும் கூடும்.

இன்னொன்று. வி.சி.எம்.மின் அடர்த்தி குறைவு, பி.வி.சி.யின் அடர்த்தி 1.4. மேலே சொன்ன பேட்ச் முடியும்போது உள்ளே 13 கன மீட்டருக்கு மேல் சுருங்கியிருக்கும், ஒரு தண்ணீர் லாரி அளவு. மட்டம் இறங்கினால் சுவரின் மேல்பகுதி சும்மா நிற்கும், கலவையும் கூழாகக் கெட்டிப்படும். சுருங்கச் சுருங்கக் குளிர்ந்த நீரைக் கலக்கித் தண்டின் அடைப்பு வழியாகச் செலுத்திக்கொண்டே இருங்கள்.

ஒரு கோடைக்கால இரவில் எங்கள் ஷிப்டில் மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கலக்கி நின்றால் துளிகள் மேலே மிதந்து ஒன்றுசேரும். அழுத்தமானி முள் ஏறத் தொடங்கிவிட்டது. வினையைக் கொல்லும் மருந்தைச் செலுத்தினோம், ஆனால் கலக்க ஆளில்லையே. மூத்த ஆபரேட்டர் ஒருவர் மீட்புத் தொட்டி வால்வைச் சற்றே திறந்தார். அழுத்தம் இறங்கியதும் உள்ளே வி.சி.எம். கொதித்தது, கொதிப்பே மருந்தைக் கலக்கிவிட்டது. முள் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. இந்த ஒத்திகையை மாதம் ஒருமுறை செய்து பாருங்கள், காகிதத்தில் அல்ல.

ஐந்தாம் படி: நிறுத்தும் நேரம்

கோத்தகிரித் தேயிலை ஆலைகளில் அரைத்த கொழுந்து நிறம் திரும்பும் கணத்தை மூக்கால் அறிபவர்கள் உண்டு. பத்து நிமிடம் பிந்தினால் அந்தத் தூளுக்கு ஏலத்தில் விலை இல்லை. பி.வி.சி.யில் மூக்கு உதவாது, உதவவும் கூடாது. அழுத்தமானிதான் சொல்லும்.

மாற்றம் 70 சதவீதத்தை எட்டும்போது தனித் திரவமாக இருந்த வி.சி.எம். தீர்ந்துவிடும், எஞ்சியது மணிக்குள் ஊறியிருப்பது மட்டுமே. அதுவரை 9 பாரில் நின்ற முள் சரியத் தொடங்கும். இதற்குப் பிறகு இழுக்க இழுக்க, பட்டினி கிடக்கும் சங்கிலிகள் கிளைவிடும், பழுதான இணைப்புகள் கூடும். பின்னாளில் சூட்டில் முதலில் அவிழ்வது அந்தப் பழுதான குளோரின்கள்தான். கடைசி இரண்டு சதவீத விளைச்சலுக்காக ரெசினின் வெண்மையை விற்பது எனக்கு ஒருபோதும் ஒப்பாத வியாபாரம். குழாய்க்கு, அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டு பார் வரை சரிந்ததும் நிறுத்தும் பொருளைச் செலுத்துங்கள். கேபிளுக்கு இன்னும் முன்னதாகவே நிறுத்துங்கள். சரிவு நீள நீள மணி உள்ளுக்குள் சுருங்கிப் பஞ்சுத்தன்மையை இழக்கும்.

ஆறாம் படி: நீராவியும் உலர்த்தியும்

80 டிகிரிக்குக் கீழே பி.வி.சி. கண்ணாடி நிலையில் இருக்கும், உள்ளே சிக்கிய வி.சி.எம். நகராது. அதற்கு மேலே கதவு திறக்கும். ஆகவே நீராவிக் கோபுரத்தை 100 டிகிரிக்கு மேல் ஓட்டி, சில நிமிடங்களில் முடித்துவிடவேண்டும். மிச்சம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே வரவில்லையென்றால் நீராவியைக் கூட்டுவதற்கு முன்னால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். மணி பஞ்சாக இல்லை என்றே பெரும்பாலும் தெரியவரும்.

பிறகு மையவிலக்கி, பிறகு மிதவைப் படுகை உலர்த்தி. தேயிலை ஆலைக்குள் போயிருப்பவர்களுக்கு இது பழக்கமான இயந்திரம். துளைத்தட்டின் கீழிருந்து வெங்காற்று ஊத, தூள் தண்ணீர்போலத் தளும்பும். நான் அதிகம் எழுத ஒன்றும் இல்லை.

ஏழாம் படி: சோதனை

மூன்று சோதனைகளை ஷிப்டிலேயே செய்யுங்கள். கறுப்பு நிறம் கலந்து மெல்லிய தாளாக உருட்டி, விளக்கின் எதிரே பிடித்து மீன்கண்களை எண்ணுங்கள். எண்ணெயில் ஊறவைத்து மையவிலக்கியில் சுழற்றி, எவ்வளவு உறிஞ்சியது என்று எடை பாருங்கள். சோதனைக் குழாயில் சூடாக்கி, வாயில் வைத்த காங்கோ சிவப்புத் தாள் நீலமாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். மூன்றையும் அந்தப் பேட்ச்சின் அழுத்தம் சரிந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், குறைந்தது பத்து பேட்ச் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தோட்டக்காரர் புதுக் குழாய் வாங்கினார். ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கச் சொன்னேன். உறைபனியும் மண்வெட்டியும் அங்கே எட்டாது. என் தங்கை மகள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறும்போது பழைய குழாய்த் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனாள். மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு கட்டம் போட்ட தாளின் படம் வந்தது. மீட்பு வி.சி.எம். அதிகம் கலந்த பேட்ச்களில் மட்டும் அழுத்தம் இருபது நிமிடம் பிந்திச் சரிகிறதாம். பியூட்டாடையீன் அளவைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.